சாட்சி சொல்லும்போது பக்கத்து வாங்கில் யார் இருக்கிறார்?

கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எங்கள் வன்னிப் பக்கத்தில் எந்தக் கிறிஸ்தவ வீட்டுக்குப் போனாலும் முன் அறைச் சுவரில் பெரும்பாலும் இந்த வசனம் தொங்கும்: "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்." வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் நெற்றியில், அந்த வசனத்தில் வரும் கல்லின் பெயரான 'எபெனேசர்' (உதவியின் கல்) என்று எழுதி வைத்தவர்களும் உண்டு. எனக்கும் மிகவும் பிடித்த வசனம். 1 சாமுவேல் 7ஆம் அதிகாரம்.

அதே புத்தகத்தில் மூன்று அதிகாரம் பின்னுக்குப் புரட்டிப் பாருங்கள். இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடத்தின் பெயராக எபெனேசர் முதலில் வருவது அங்கேதான். பெலிஸ்தரோடு நடந்த முதல் சண்டையில் இஸ்ரவேலர் 4,000 பேர் விழுந்தார்கள், அடுத்ததில் 30,000 பேர். தேவன் தங்களோடு இருப்பதன் அடையாளமாக அவர்கள் வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி பறிபோனது. ஆசாரியர் ஏலியின் இரண்டு பிள்ளைகளும் செத்தார்கள். செய்தி கேட்ட கிழவர் பின்புறமாக விழுந்து கழுத்து முறிந்து செத்தார். மருமகள் பிள்ளையைப் பெற்ற கையோடு செத்தாள். அதற்கெல்லாம் பிறகு, பெட்டி திரும்பி வந்தும் 20 வருசம் கழிந்த நிலையில்தான் தீர்க்கதரிசி சாமுவேல் கல்லை நிறுத்தி அதே பெயரைச் சூட்டுகிறார். அன்றைக்குச் சுற்றி நின்றவர்களில் முதல் எபெனேசரில் தகப்பனை இழந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? அவர்களையும் வைத்துக்கொண்டுதான் "எங்களுக்கு" என்கிறார்.

கர்த்தர் செய்ததைச் சபையில் எழும்பிச் சொல்வதை நாங்கள் சாட்சி என்போம். அந்தச் சாட்சி சொல்லும் முறையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வருசக் கடைசி இரவு ஆராதனையில் ஒருவர் எழும்புவார். "செல் விழுந்தது, பக்கத்துப் பங்கரில் இருந்த எல்லாரும் போய்விட்டார்கள், எங்களைக் கர்த்தர் கண்ணின் மணி போல் காத்தார்" என்பார். சபை அல்லேலூயா சொல்லும். அவர் சொல்வதில் பொய் இல்லை. அந்த நன்றி அவருடைய அடிவயிற்றிலிருந்து வருகிறது, அதை யாரும் பறிக்கக்கூடாது. ஆனால் அந்தப் பக்கத்துப் பங்கரில் இருந்தவர்களின் உறவுக்காரர் இரண்டு வாங்கு தள்ளி இருக்கிறார். எங்கள் ஊர்களில் இழப்பில்லாத குடும்பம் என்று தேடினாலும் கிடைக்காது.

அப்படி ஒரு ஆராதனை முடிந்த பிறகு, மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அக்கா வாசலில் வைத்து என்னிடம் சொன்னார்: "தம்பி, அவையள் செபிச்ச மாதிரித்தானே நானும் செபிச்சனான்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்.

அதற்கு ஒரு வரிப் பதில் யாரிடமாவது இருக்கும் என்று நான் நம்பவில்லை. வேதத்திலும் இல்லை. அப்போஸ்தலர் 12ஐ எடுத்துப் பாருங்கள். ஏரோது ராஜா இயேசுவின் சீஷனான யாக்கோபை வாளால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் இன்னொரு சீஷனான பேதுருவைச் சிறையிலிருந்து தேவதூதன் கூட்டிக்கொண்டு வருகிறான். பேதுரு வந்து கதவைத் தட்டிய இரவில் யாக்கோபின் தாயும் அந்த வீட்டில் செபித்துக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை எழுதிய லூக்கா விளக்கம் சொல்லவில்லை. இரண்டையும் எழுதிவிட்டுப் போகிறார். உயிர் தப்பியவர்களின் கணக்கை வைத்துத் தேவனுடைய உண்மையை அளந்தால், அவர் பேதுருவுக்கு உண்மையாக இருந்தார், யாக்கோபைக் கைவிட்டார் என்றுதான் வரும். ஆதிச்சபை அப்படி அளக்கவில்லை. நாங்களும் அளக்கக்கூடாது.

அப்படியென்றால் எதை நினைவுகூருவது?

என் அம்மாவின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. சொப்பிங் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தது. ஈரம் பட்டுத் தாள்களின் ஓரம் நெளிந்து போயிருக்கிறது. சில வசனங்களின் பக்கத்தில் பென்சிலால் ஊர்ப்பெயர் எழுதி வைத்திருக்கிறார்: தர்மபுரம், உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை. புலம்பல் 3ஆம் அதிகாரத்தில், "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்ற வசனத்துக்குப் பக்கத்தில், "மாத்தளன். தங்கச்சியின்ர சின்னவள்" என்று இருக்கிறது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. அவளைப் புதைத்துவிட்டு வந்துதான் அம்மா அந்த இடத்தில் பென்சிலை வைத்திருக்கிறார்.

அம்மா வேதசாஸ்திரம் படித்தவர் இல்லை. ஆனாலும் அந்தப் புலம்பல் புத்தகம் எங்கிருந்து எழுதப்பட்டதோ அங்கிருந்தே அதை வாசித்திருக்கிறார். எருசலேம் பாபிலோனியரிடம் விழுந்த பிறகு எழுந்த ஒப்பாரி அது. குழந்தைகள் வீதிகளில் பசியால் மயங்கி, தாயின் மடியில் உயிர் விடுவதை 2ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு அடுத்ததாகத்தான் "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வரி. அந்த வரியோடு புத்தகம் முடியவும் இல்லை. எங்களை அடியோடு வெறுத்துவிட்டீரோ என்ற கேள்வியில் முடிகிறது. நாங்கள் நடுவில் இருக்கிற ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்துக் கலண்டரில் போட்டுவிட்டோம்.

பழையதைக் கிளறாதீர்கள் என்று சில போதகர்கள் சொல்வார்கள். கையில் எடுப்பது ஏசாயா 43:18, "முந்தினவைகளை நினைக்கவேண்டாம்." சரி, அதற்கு முன் இரண்டு வசனத்தை வாசியுங்கள். சமுத்திரத்தில் வழி உண்டாக்கினவர் என்று செங்கடலை நினைப்பூட்டிவிட்டுத்தான் கர்த்தர் அதைச் சொல்கிறார். 46ஆம் அதிகாரத்துக்குப் போனால் முந்தி நடந்தவைகளை நினையுங்கள் என்று அவரே கட்டளையிடுகிறார். பழைய அற்புதத்தோடு தேவனுடைய வேலை முடிந்துபோனது என்று உட்கார்ந்துவிடாதே என்பதுதான் அங்கே பேச்சு. போரின் கடைசி நாட்களில் நந்திக்கடலில் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் போய், அதை மறந்துவிடு, இது உன் ஆசீர்வாதத்தின் வருசம் என்று சொல்ல அந்த வசனத்தில் இடமில்லை.

இன்னொன்று. மே மாதத்தில் எங்கள் சந்திகளில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். 2009இல் போரின் கடைசி மாதங்களில் கிடைத்தது அது. சபைக்குள் அதற்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு, இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்காவை நினைப்பூட்டுவேன். விடுதலையின் இரவுச் சாப்பாட்டிலேயே கசப்பான கீரையை வைக்கச் சொன்னவர் கர்த்தர். புளிப்பில்லாத அப்பத்துக்கு உபாகமம் கொடுத்திருக்கிற பெயர் சிறுமையின் அப்பம். மீட்பையும் கசப்பையும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். அந்தப் பந்தியில் இருந்துதான் இயேசு அப்பத்தை எடுத்து, தம்மை நினைவுகூரும்படி சொன்னார். திருவிருந்தில் நாங்கள் நினைவுகூருகிறவர் மயிரிழையில் தப்பி வந்தவர் இல்லை, கொல்லப்பட்டவர். உயிர்த்தெழுந்த பிறகும் தழும்பை மறைக்காதவர்.

அவர் எங்களோடு இருந்தார் என்று நான் முழு மனதோடு சொல்கிறேன். எப்படித் தெரியும் என்றால், விட்டுப் போகாத மனிதர்களில் அதைப் பார்த்தோம். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் சனத்தோடு கடைசிவரை நின்று 2009 மே 18 அன்று உயிர் விட்ட அருட்தந்தை சரத்ஜீவனையும், அதே நாளில் சரணடைந்தவர்களோடு போய் இன்றுவரை திரும்பாத அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பையும் நினைக்காமல் வன்னியில் தேவனுடைய உண்மையைப் பற்றிப் பேச எனக்குத் தெரியவில்லை. தன் பிள்ளைக்கு வைத்திருந்த கஞ்சியில் பாதியை அடுத்த தறப்பாளுக்குக் கொடுத்த பெண்களும் அந்த வரிசையில்தான்.

போருக்குப் பிறகு எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் பிறந்த பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். புது வருசத்துக்கு ஒரு வசனம் எழுதிச் சபையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டை வாங்கத் தெரியும், நாங்கள் எதைக் கடந்து வந்தோம் என்று தெரியாது. இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது யோசுவா நினைவுக் கற்களை எடுக்கச் சொன்னது கரையிலிருந்து அல்ல, யோர்தானின் நடுவிலிருந்து, ஆசாரியர்களின் கால்கள் நின்ற இடத்திலிருந்து. பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்காக.

போதகர்மாரிடமும் சபை மூப்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பர் 31 இரவு, அட்டை கொடுக்க முன், சபைக் குடும்பங்களில் இறந்தவர்களின் பெயர்களை வாசியுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களையும் தனியாக வாசியுங்கள். அதற்குப் பிறகு சாட்சி நேரத்தை வையுங்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரி 20 அன்று போராட உட்கார்ந்த தாய்மாரைப் போல ஒருவர் உங்கள் சபையிலும் இருப்பார். அவர் எழும்பி, "நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் செபிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அதையும் சாட்சியாக எடுத்து, சபையாக ஆமென் சொல்லுங்கள்.