ராஜூலா மூழ்கவில்லை, ஐயா

மெட்ராஸ்ல இருந்து நம்ம ஆளுங்களைப் பினாங்குக்குக் கொண்டுவந்த ராஜூலா கப்பலைப் பத்தி, ஞாயிற்றுக்கிழமை பினாங்குல உங்க மேடையில ஓடின அந்த ஸ்லைடைப் பத்தித்தான் எழுதறேன். 'ராஜூலா 1943-இல் குண்டு வீசி மூழ்கடிக்கப்பட்டது.' அதுக்குக் கைதட்டல் வேற!

மூழ்கினது ரோனா. ரெண்டும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோட 1926-ஆம் வருஷத்து ஜோடிக் கப்பல்கள். கறுப்புப் புகைபோக்கி ஒண்ணு, அதுல ரெண்டு வெள்ளைப் பட்டை. போட்டோவுல குழம்பலாம், ஒத்துக்கிறேன். மேடையில குழம்பக்கூடாது.

ரெண்டையும் போருக்கு எடுத்தது ஏன்னு அந்த ஸ்லைடுல ஒரு வரி இல்லை. டெக் பயணிக்கு, அதாவது மலிவு டிக்கெட்டுல தளத்துலயே படுத்து வர்றவங்களுக்கு, கேபின் கிடையாது, நடுத்தளம் தடுப்பில்லாம திறந்து கிடக்கும். நம்ம ஆளுங்க பாய் விரிச்ச இடத்துல சிப்பாய்க்குத் தொங்கு படுக்கை கட்டிடலாம். ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறாக்குற அடுப்படி, தண்ணித் தொட்டி எல்லாம் ஏற்கெனவே இருக்கு. சாம்பல் பெயின்ட் அடி, பீரங்கி ஒண்ணை ஏத்து, துருப்புக் கப்பல் ரெடி.

1943 நவம்பர் 26, அல்ஜீரியாவுக்கு வடக்கே, ஜெர்மன் விமானம் ஏவி ரேடியோவால வழிநடத்தின குண்டு ரோனாவைத் துளைச்சது. 22 உயிர்காப்புப் படகுல பல இறங்கவே இல்லை. இறக்குற கருவியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடந்ததுன்னு தப்பினவங்க சொன்னாங்க. ஆயிரத்துக்கு மேல அமெரிக்கச் சிப்பாய்கள் போனாங்க. அந்தச் சாவுக்கும் ஒரு பேர் உண்டு. ரோனாங்கிற அந்தப் பேரையும் உங்க ஸ்லைடு இல்லாமப் பண்ணிடுச்சு.

ராஜூலா மூழ்கலை. போர் முடிஞ்சு திரும்பவும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்குன்னு ஓடிச்சு. 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்'னு பேர் மாத்திச்சு. அடுத்த வருஷம் உடைச்சாங்க. அப்போ ஐம்பதுகள்ல அதுல வந்து இறங்கின நம்ம பெரியவங்க எல்லாம் பேய்க்கப்பல்லயா வந்தாங்க?

'அதே பேர்ல வேற கப்பலா இருக்கலாமே'ன்னு ஒரு புத்திசாலி கேட்பார். பிரிட்டிஷ் பதிவுக் கப்பலுக்கு அதிகாரபூர்வ எண்ணை முதன்மை உத்தரத்துல செதுக்கணும்னு சட்டம். பேர் மாறினாலும் அந்த எண் மாறாது. கப்பல் விவரமெல்லாம் வருஷா வருஷம் பதிவாகுற லாய்ட்ஸ் பதிவேட்டுல எண்ணையும் கட்டின வருஷத்தையும் ஒத்துப் பாருங்க, பத்து நிமிஷ வேலை.

'சின்னத் தப்புதானே, விடுங்க'ன்னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை.

'கூலிக் கப்பலுக்கு என்ன போர் வரலாறு'ன்னு ஒருத்தர் சிரிச்சீங்களே, அதுதான் உறுத்துது. பினாங்குக்குப் பக்கத்துல இருக்கிற ஜெரஜாக் தீவுல தொற்றுத்தடுப்புக்கு இறக்கிவிட்ட சனம் வந்த கப்பல்னா அழுகைக் கதை மட்டும்தான் மிச்சம், இல்லையா? வெள்ளைக்காரன் போர்க்கப்பல்னா கேப்டன் பேர்ல இருந்து பீரங்கி அளவு வரைக்கும் ஒப்பிப்பீங்க. ராஜூலாவுக்கு மட்டும் உயிரோட இருக்கும்போதே கருமாதி.

ஸ்லைடைத் திருத்துங்க, ஐயா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறதாக் கேள்வி.