ஐந்துக்கு ஏழு பாத்ரூமில் டப் எதற்கு?

பழைய பாத்ரூமை இடித்துப் புதுசாக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "டப் வைக்கலாமா, ஷவர் போதுமா?" என்றுதான். இந்தக் கேள்வி பெரும்பாலும் டைல்ஸ் கடையில் பிறக்கிறது. அங்கே வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் டப், பக்கத்தில் ஒரு செடி, விளிம்பில் மடித்துப் போட்ட துண்டு. வீட்டில் இருப்பதோ ஐந்தடிக்கு ஏழடி அறை. அதற்குள்ளேயே கழிப்பிடம், வாஷ்பேசின், கதவு திறக்க இடம், மூலையில் வாளி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப் வேண்டாம், ஷவர் வையுங்கள். அதிலும் தலைக்கு மேல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து நிற்கும் மழை ஷவர் வேண்டாம். கம்பியில் மேலும் கீழும் நகரும் கை ஷவர் போதும், அதன் கீழே வாளிக்கு ஒரு குழாய். மிச்சமாகும் காசைத் தரைக்கு அடியில் போடுங்கள்.

டப் என்றதும் எல்லோரும் பயப்படுவது எடைக்கு. "மாடியில வெச்சா தளம் தாங்குமா சார்?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தடி அக்ரிலிக் டப் 30 கிலோ பக்கம். தண்ணீர் 150 லிட்டர், அதாவது 150 கிலோ. உட்காரும் ஆள் 70. ஆக 250 கிலோ. இப்போது அடுக்குமாடி வீட்டு பாத்ரூம் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். குழாய் போவதற்காகத் தளத்தையே ஓரடி இறக்கிக் கட்டி, அந்தப் பள்ளத்தில் செங்கல் ஜல்லியைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். 35 சதுர அடிக்கு ஓரடி ஆழம் என்றால் ஒரு கன மீட்டர் வரும். அது காய்ந்திருக்கும்போதே ஒன்றரை டன் பக்கம். வருஷக்கணக்கில் கசிந்து ஊறியிருந்தால் இன்னும் கூட. டப்பைப் போல ஆறு மடங்கு எடையைத் தளம் ஏற்கெனவே சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கிறது. இடிக்கும்போது அந்த ஜல்லியை முழுக்க அள்ளிவிட்டு ஏஏசி எனப்படும் காற்றுக் குமிழி நிறைந்த இலேசான கான்கிரீட் கல் துண்டுகளால் நிரப்பினால், கன மீட்டருக்கு 600 கிலோ அளவில் முடிந்துவிடும். இரும்பு வார்ப்பு டப், கல்லில் குடைந்த டப் என்று போகிறவர்கள் மட்டும் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியா? அங்கே எந்த டப்பும் வேண்டாம்.

உண்மையான சிக்கல் ஓர் அங்குலத்தில் இருக்கிறது. கடையில் "அஞ்சடி டப்" என்று விற்பது 1500 மி.மீ. ஐந்தடி என்பது 1524. இடையில் இருப்பது 24 மி.மீ. மட்டுமே. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் ஒரு பக்கத்துக்கு 12 முதல் 15 மி.மீ. போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் டப் உள்ளே இறங்காது. போதாக்குறைக்குச் சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்காது. தரையில் 1510 காட்டும் அளவு, டப் விளிம்பு வரும் உயரத்தில் 1495 காட்டும். டப் வந்து இறங்கிய பிறகு சுவரைக் கொத்தும் வீடுகள் எல்லாம் இந்த அளவைத் தரையில் மட்டும் எடுத்த வீடுகள்தான்.

அடுத்தது வடிகால். டப்பின் அடைப்பைத் திறந்தால் 40 மி.மீ. குழாய் வழியாக நிமிஷத்துக்கு 40, 50 லிட்டர் ஒரே மூச்சில் இறங்கும். ஷவரில் விழுவது அதில் கால்வாசி. 30 வருஷத்துக் கட்டடத்தில் தரைக்கு அடியில் போகும் குழாய் உப்பும் சோப்புப் பிசுக்கும் படிந்து பாதியாகச் சுருங்கியிருக்கும். ஷவர் தண்ணீரை அது சமாளித்துவிடும். டப் தண்ணீரைச் சமாளிக்காது. தரைத் தண்ணீர் இறங்கும் நானி ட்ராப்பின் மூடி வழியாகத் தண்ணீர் மேலே எழும்பி, கழிப்பிடத்தைச் சுற்றிக் குளம் கட்டும். பிளம்பர் வந்து அடைப்பு எடுப்பார், இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை. ஏனென்றால் அங்கே அடைப்பே இல்லை, குழாயின் அளவு போதவில்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் நேரடியானது. நம் நாட்டுத் தரநிலை ஐஎஸ் 1172 ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்கிறது. அதில் குளிக்க 55. ஒரு டப் நிரம்ப 150. ஒரு ஆளின் முழுநாள் தண்ணீரைவிட அதிகம், அதுவும் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்க. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றி வரவழைத்த சென்னையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் ஷவர் என்றாலே சிக்கனம் என்றும் நினைத்துவிடாதீர்கள். நிமிஷத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிஷம் நின்றால் 120 லிட்டர். வாளியும் மக்குமாகக் குளிப்பவருக்கு ஒன்றரை வாளி, 30 லிட்டருக்குள் முடிந்துவிடும். வாளிக் குழாயை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வெந்நீருக்கு வருவோம். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரியில் இருக்கும் தண்ணீரோடு, 28 டிகிரியில் வரும் தொட்டித் தண்ணீரைக் கலந்தால் குளிக்கப் பதமான 40 டிகிரியில் அதிகபட்சம் 65 லிட்டர் கிடைக்கும். டப்பில் பாதிகூட நிரம்பாது. 2 கிலோவாட் கீசர் மறுபடி சூடேற 28 நிமிஷம். அதற்குள் டப்பில் இருப்பது ஆறிவிடும். தீபாவளிக் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் தலையில் எண்ணெயோடு வரிசையில் நிற்கிறார்கள். வாளி என்றால் ஒரு சூட்டில் இரண்டு பேர் முடித்துவிடுவார்கள். மழை ஷவர் என்றால் முதல் ஆளுக்கே சீயக்காய் அலசி முடிக்கும் முன் தண்ணீர் பச்சையாக வந்துவிடும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரை ஷவரோடு இணைப்பதும் வீண். சென்னைத் தண்ணீரிலேயே அதால் நிமிஷத்துக்கு மூன்றரை லிட்டர்தான் பதமாகக் கொடுக்க முடியும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் 12 டிகிரியில் தண்ணீர் வரும் நாளில் ஒன்றரை லிட்டர்.

எண்ணெய்க் குளியல் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் வழிந்த அக்ரிலிக் டப்பில் கால் நிற்காது. டப்பின் விளிம்பு 18 முதல் 22 அங்குல உயரம். அதைத் தாண்டி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நிற்கும் அந்த ஒரு நொடிதான் இடுப்பெலும்பு முறியும் நொடி. அறுபது தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில் டப் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுக்குத் தேவை உட்கார ஒரு பலகை, கைக்கு எட்டும் கை ஷவர், 33 முதல் 36 அங்குல உயரத்தில் ஒரு பிடிகம்பி. பிடிகம்பியின் திருகு டைல், பசை, பூச்சு எல்லாம் தாண்டிச் செங்கல்லுக்குள் 50 மி.மீ. இறங்க வேண்டும். அப்படியென்றால் குறைந்தது 80 மி.மீ. திருகு. கம்பியோடு டப்பாவில் வரும் குட்டைத் திருகு துண்டு தொங்கவிட மட்டும் ஆகும்.

ஷவரிலும் ஏமாறும் இடங்கள் உண்டு. முதலாவது பிரஷர். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் பிரஷர். மொட்டைமாடியில் இரண்டடி மேடையில் தொட்டி இருக்கிறது, நீங்கள் கடைசி மாடி என்றால், ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே ஐந்தடி. 0.15 பார். பெரிய மழை ஷவர் ஒழுங்காகக் கொட்ட அரை பாராவது வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் நாலு துளை மட்டும் ஒழுகும், பூவாளியே தேவலை. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி இருந்தால், அதே கட்டடத்தில் தரைத்தள வீட்டுக்கு ஒரு பாருக்கு மேல் கிடைக்கும். எனவே கீழ்வீட்டில் நன்றாக வருகிறதே என்று பார்க்காதீர்கள், உங்கள் மாடியில் பாருங்கள். சோதிக்க எளிய வழி இருக்கிறது. பழைய ஷவரின் தலையைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பியிலிருந்தே 20 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். தலை இல்லாமலேயே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால் மழை ஷவரை மறந்துவிடலாம். பிரஷர் பம்ப் போடுவதானால் தண்ணீர், வெந்நீர் இரண்டு வழிக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தள்ளினால் பச்சைத் தண்ணீர் கீசர் குழாய்க்குள் ஏறி, கலவை ஒருநாளும் பதமாக வராது. பொதுத் தொட்டிக் குழாயில் பம்ப் வைத்தால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் குறையும், சங்கக் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும்.

இனி வாட்டம், அதாவது தரையின் சரிவு. ஒரு பாத்ரூம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் சுவரைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்ப்பேன். குளிக்கும் இடம் மூன்றுக்கு மூன்றடி என்றால் ஓரத்திலிருந்து ட்ராப்புக்கு 12 முதல் 15 மி.மீ. இறக்கம் வேண்டும். குளிக்கும் இடமே மற்ற தரையைவிட 10 மி.மீ. தாழ இருந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கு இரண்டடிப் பெரிய டைலை நடுவில் ட்ராப் வைத்து நாலு பக்கமும் சரிக்க முடியாது. மூலைக்கு மூலை வெட்ட வேண்டும், அல்லது ஒன்றுக்கு ஒன்றடி டைலுக்கு இறங்க வேண்டும். பெரிய டைல்தான் வேண்டும் என்றால் சுவரோரம் நீள ட்ரெய்ன் வைத்து ஒரே பக்கமாகச் சரியுங்கள். ட்ராப்பின் வாய் டைலைவிட 2 மி.மீ. தாழ இருக்க வேண்டும். பிளம்பர் முதலில் ட்ராப் வைத்துவிட்டுப் போவார், மேஸ்திரி பிறகு வந்து டைல் ஒட்டுவார், இருவரும் ஒரே நாளில் சந்திப்பதே இல்லை. அதனால்தான் ட்ராப்பைச் சுற்றி எப்போதும் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கிறது. பசை இறுகும் முன் ஒரு மக் தண்ணீரை எல்லா மூலையிலும் ஊற்றிப் பாருங்கள். ஓடாத இடத்தில் டைலைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொல்வதற்கு அந்த அரைமணி நேரம்தான் உங்களுக்கு உண்டு.

கீழ்வீட்டுச் சீலிங்கில் மஞ்சள் கறை வருவது டைல்ஸால் அல்ல, அதற்கு அடியில் விட்டுப்போன வேலையால். பழைய ஜல்லியை அள்ளியதும் குழாய் நுழையும் ஒவ்வொரு துளையையும் சுற்றிக் கொத்தி, சுருங்காத கிரவுட் என்னும் சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். பிறகு இரண்டு பாகமாக வரும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு, முதல் கை ஒரு திசை, அது காய்ந்து இரண்டாம் கை குறுக்கே. தரையும் சுவரும் சேரும் மூலையில் வலைத்துணி. ஷவர் சுவரில் ஆறடிவரை, மற்ற சுவர்களில் ஓரடிவரை ஏற்றுங்கள். காய்ந்தபின் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். மேஸ்திரி "ஒரு ராத்திரி போதும்" என்பார். போதாது. டைலைச் சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டாமல் டைல் பசையில் ஒட்டச் சொல்லுங்கள். சிமெண்ட் பாலில் ஒட்டிய டைலைத் தட்டினால் டொக்கென்று பொள்ளல் சத்தம் வரும். அந்தப் பொள்ளலில்தான் தண்ணீர் தங்கி, இடுக்கு வழியாக வெள்ளை உப்பு பூக்கிறது.

கண்ணாடித் தடுப்பு? போர் தண்ணீர் வரும் வீட்டில் அது தினசரி வேலை. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வைப்பர் போடாவிட்டால் ஒரு மாதத்தில் பால் படிந்த மாதிரி ஆகிவிடும். வைப்பதானால் 8 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி, அளவு டைல்ஸ் முடிந்த பிறகு. அதைப் பிறகு வெட்ட முடியாது. கீழ்ப்பட்டையைத் தரையில் திருகினால் வாட்டர்ப்ரூஃப் பூச்சு ஓட்டையாகும், சிலிகானில் ஒட்டச் சொல்லுங்கள். ஷவர் துளையில் உப்பு அடைத்தால் வினிகரில் ஊறவைத்து விரலால் தேயுங்கள். கழிப்பிட ஆசிட்டைக் குரோம் மேல் காட்டவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் டப்தான் என்று இருப்பவர்களுக்கு: தரைத்தளம், எட்டடிக்குக் குறையாத அறை, குளிக்கத் தனியாக ஷவர் இடம், டப்புக்கு அடியிலும் வாட்டமும் ட்ராப்பும். பக்கவாட்டில் ஓரடிக்கு ஓரடி திறக்கும் பலகை விடாமல் டைலால் மூடினால், வாஷர் ஒன்று தேய்ந்த நாளில் மொத்தத்தையும் உடைக்க வேண்டிவரும். சுவரோரம் சிலிகான் அடிக்கும் முன் டப்பில் தண்ணீரை நிரப்புங்கள். நிரம்பிய எடையில் அக்ரிலிக் இரண்டு மூன்று மி.மீ. இறங்கும். அந்த நிலையில் அடித்து, மறுநாள் காய்ந்த பிறகே தண்ணீரை விடுங்கள். காலி டப்பில் அடித்த சிலிகான் முதல் குளியலிலேயே சுவரைவிட்டுப் பிரியும்.

உயரங்கள்: ஷவர் கம்பி ஏழடி, டைவர்டர் (தண்ணீரை ஷவருக்கோ வாளிக் குழாய்க்கோ திருப்பும் கைப்பிடி) மூன்றரை அடி, வாளிக் குழாய் இரண்டடி. ஷவர், குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை மரை வைத்த சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) இணைப்பே வேண்டும், பிளாஸ்டிக் மரை இறுக்கும்போதே விண்டுபோகும். சுவரை மூடும் முன் குழாயில் கைப் பம்ப் மாட்டி அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் அதன் பிரஷர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றதும் அளவு டேப்பைச் சுவரில் விரித்துவைத்து, ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிடிகம்பிக்கு ட்ரில் போட வருகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தப் போட்டோவைத்தான்.