உத்யம் சான்றிதழ் இருந்தால் போதுமா?

"உத்யம் சான்றிதழ் வாங்கிவிட்டால் கூட்டு வியாபாரத்துக்கு வேறு பதிவே வேண்டாம், வக்கீலுக்குக் கொடுப்பது தண்டம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

உத்யம் என்பது சிறுதொழில் என்ற அங்கீகாரம் மட்டுமே. அது முற்றிலும் இலவசம். ஆன்லைனில் நீங்களே செய்யலாம், அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். ஆனால் அது கூட்டு நிறுவனப் பதிவு ஆகாது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-இன்படி அந்தப் பதிவு கட்டாயமில்லை என்பது உண்மைதான். அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவைத்தான் அந்தச் செய்தி மறைக்கிறது. கடைக்காரர் இரண்டு லட்சம் ரூபாய் சரக்குக்குப் பணம் தராமல் இழுத்தடிக்கிறார் என்று வையுங்கள். பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி அவர்மேல் சிவில் வழக்குப் போட முடியாது. அவரோ உங்கள்மேல் போடலாம்!

தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். உள்ளூர் வக்கீலிடம் போவது முக்கியமாகக் கூட்டாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தப் பத்திரத்துக்காக. லாபப் பங்கு எழுதாமல் விட்டால், முதல் போட்டவருக்கும் போடாதவருக்கும் சட்டப்படி சமபங்கு. கூட்டாளி ஒருவர் இறந்தால், பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய நிறுவனமே கலைந்துவிடும். நெட்டில் எடுத்த மாதிரிப் பத்திரத்தில் இந்த இரண்டு வரிகளையும் முதலில் தேடிப் பாருங்கள்.