கூட்டாஞ்சோறு டிகிரி

ஏரிகளைப் பற்றிய கூட்டத்தில் ஒரு சார் என் படிப்பைக் கிண்டலடித்த அந்த வீடியோ துண்டை இதுவரை பதினான்கு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். நானும் அங்கேதான் இருந்தேன், மேடையில், சாருக்கு இடப்பக்கம் மூன்றாவது நாற்காலி. "மேடம் அமெரிக்காவில தனக்குத்தானே ஒரு டிகிரி சமைச்சுக்கிட்டு வந்தவங்க, கூட்டாஞ்சோறு டிகிரி" என்று அவர் என்னைப் பற்றிச் சொன்னதும் அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தால் முகம் எப்படி இருக்கும் என்று வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம்.

கோபத்தில் எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாள் பொறுத்தேன்.

நான் அமெரிக்காவில் படித்தது, மாணவரே பல துறைகளைச் சேர்த்துப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் எம்.ஏ. பாடத்திட்டத்தை நானே வகுத்தேன் என்றால் மார்க்கையும் நானே போட்டுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. நீரியல், வரலாறு, மானுடவியல், மூன்று துறை. துறைக்கு ஒரு பேராசிரியர். போதாதென்று சம்பந்தமே இல்லாத துறையிலிருந்து நான்காவதாக ஒருவர், எல்லாம் முறையாக நடக்கிறதா என்று பார்க்க. எந்தப் பாடம், எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன குறையும் என்று வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். என் திட்டம் நான்கு முறை திரும்பி வந்தது. "துறை மூன்று இருக்கிறது, கேள்வி எங்கே?" என்று மானுடவியல் பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். நீரியல்காரர் என் கணக்கு போதாது என்றார். இளங்கலையில் வரலாறு படித்தவள் நான். இருபத்தொன்பது வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கால்குலஸ் படித்தேன். அந்த கிரெடிட் டிகிரிக் கணக்கில் சேரவும் இல்லை.

ரெடிமேட் எம்.ஏ.வில் சேர்ந்த யாரையும் "இந்தப் பேப்பர் எதற்கு?" என்று கேட்க மாட்டார்கள். சிலபஸில் இருக்கிறது, முடிந்தது. எனக்கு அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை. மறுபடி சொல்கிறேன்: நானே வகுத்தது என்றால் சுலபமானது என்று அர்த்தமில்லை.

"மூணு துறையில கால் வச்சா எதிலயும் ஆழம் இருக்காதே" என்பார்கள். இதற்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் ஆய்வேடே இதுதான். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கைப் பார்த்திருப்பீர்கள். பழைய கலிங்குகளில் மேலே வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் நேரத்தில் ஊர்க்காரர்கள் அந்தக் கல்லுக்கு இடையில் பலகை வைத்து, வைக்கோலும் களிமண்ணும் அடைத்து மட்டத்தை ஏற்றுவார்கள். அரையடிதான். 300 ஏக்கர் நீர்ப்பரப்பில் அரையடி என்றால் சுமார் 65 லட்சம் கன அடி. அதனால் ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் இன்னும் சில நாள் நிற்கும், ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏறும் உள்வாய்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பயிர் முழுகும். ராத்திரியில் ஒரு கூட்டம் அடைக்கும், இன்னொரு கூட்டம் வந்து பிடுங்கும். கன அடியை நீரியல் சொல்லும். இந்தச் சண்டைக்கு எத்தனை வயது என்று பழைய பதிவேடு சொல்லும். நேற்று ராத்திரி பிடுங்கியது யார் என்பது டீக்கடை பெஞ்சில் ஒரு மாதம் உட்கார்ந்தால் தெரியும். இதில் எந்தத் துறையை விட்டுவிட்டு ஆழமாகப் போகச் சொல்கிறீர்கள்?

"அமெரிக்காவிலேயே அப்படிப்பட்ட காலேஜை மூடிட்டாங்களே" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். ஆமாம், வெர்மான்ட்டின் காடர்ட் கல்லூரி 2024-ல் மூடப்பட்டது. மாணவர் குறைந்து, பணமில்லாமல் மூடினார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காலட்டின் பள்ளி 1972-லிருந்து இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதை யாரும் கமெண்டில் போட மாட்டார்கள்.

"காசிருந்தா நாங்களும் படிப்போம்." இதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உதவி ஆசிரியராகத் தாள் திருத்திக் கட்டணத்தைக் கழித்தேன், மிச்சத்துக்கு வாங்கிய கடன் இன்னும் ஓடுகிறது. வேறென்ன சொல்ல?

"வேலை கிடைக்குமா?" கிடைக்காது! போதுமா? விளம்பரத்தில் 'சம்பந்தப்பட்ட பாடத்தில் முதுகலை' என்று போட்டிருக்கும். ஏரிக்குச் சம்பந்தப்பட்ட பாடம் எதுவென்று கேட்டால் பதில் வராது. 2020 தேசியக் கல்விக் கொள்கை பக்கத்துக்குப் பக்கம் பலதுறைப் படிப்பு என்கிறது. விண்ணப்பப் படிவம் மட்டும் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. பாடங்களின் பட்டியலில் கடைசியில் இருக்கும் 'பிற' தான் என் துறை.

தம்பி கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது பிரஸ்காரர் கேட்டார், "அக்கா பேருக்குப் பின்னாடி எம்.ஏ. போட்டிருக்கு, எதுல எம்.ஏ.ன்னு பிராக்கெட்ல போடணுமா?" அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, "எம்.ஏ., யு.எஸ்.ஏ.ன்னு போட்டுருங்க" என்றார். சித்தப்பா பெயருக்குப் பின்னால் பி.காம்., பி.எல். என்று நிம்மதியாக நின்றது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. நாலு பேரிடம் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, என்னால் கொடுக்க முடியவில்லை.

மறுபடி மேடைக்கு வருகிறேன். சார் இருபது நிமிடம், சோழர் காலத்தில் ஊர் ஏரியைப் பராமரித்த உத்திரமேரூர் ஏரி வாரியத்தின் பெருமை பேசினார். நல்லது. பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு வாரியத்துக்குத் தகுதியும் சொல்கிறது: வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. நான் தேற மாட்டேன். சாரும் தேற மாட்டார், அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தகுதிப் பட்டியல் எழுதுபவர்கள் எந்தக் காலத்திலும் தங்களைப் போன்றவர்களைத்தான் எழுதுவார்கள் போல.

நீங்கள் அனுப்பிய துண்டு அந்தச் சிரிப்போடு முடிந்துவிடுகிறது. கடைசியில் நடந்தது அதில் இல்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "கலிங்கு மட்டத்தை சிமெண்ட் போட்டு ஒசத்திட்டாங்க, எங்க உள்வாய் நிலம் ஆறு வருசமா முழுகுது, யாரைப் போய்க் கேக்கறது?" என்றார். சார் மறுபடி உத்திரமேரூருக்குப் போனார். நான் கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது, டீ தயாராக இருக்கிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

வெளியே வந்து அந்தப் பெரியவரைத் தேடினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாராம். அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் எந்த ஊர், எந்த ஏரி என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள்.