"வன்னிக்காரருக்கு 10 வீதச் சலுகை" உண்மையா?

"வன்னியில் டெண்டர் வந்தால், அந்த மாவட்டத்துக்காரர் 10 வீதம் கூட்டிக் கேட்டாலும் அவருக்கே வேலை, அது சட்டம்" என்று ஒரு குரல்பதிவு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பிழை.

அரசாங்கக் கொள்முதலில் உள்நாட்டு முன்னுரிமை என்று ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே உள்நாடு என்றால் இலங்கை முழுவதும். மாங்குளமோ முல்லைத்தீவோ மட்டும் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களும் போட்டியிடும் சர்வதேச டெண்டர்களுக்காக வந்த ஏற்பாடு அது. விலைகளை ஒப்பிடும்போது மட்டும் வெளிநாட்டவரின் விலையோடு குறிப்பிட்ட ஒரு வீதத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். வென்றவருக்குக் கிடைப்பது அவர் கேட்ட விலைதான், அதற்குமேல் ஒரு சதமும் இல்லை.

சரி, நம்மூர்க் கிறவல் வீதி? அதற்குக் கேட்கும் கிளிநொச்சிக்காரரும் குருநாகல்காரரும் இருவருமே உள்நாட்டவர். 50 இலட்சத்துக்குச் செய்யக்கூடிய வேலையை அந்தக் குரல்பதிவை நம்பி 55 என்று எழுதினால், 52 எழுதியவர் கொண்டுபோய்விடுவார். டெண்டரோடு வைக்கும் பிணைமுறி (உத்தரவாதப் பத்திரம்) எடுத்த செலவும் அலைச்சலும்தான் மிச்சம். எனக்கு வயிறெரிவது அதற்காகத்தான்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குச் சிறு வேலைகளை நேரடியாகக் கொடுக்கலாம், அதற்கு உச்சவரம்பு உண்டு. அநேகமாக இதைத்தான் யாரோ குழப்பியிருக்கிறார்கள்.

டெண்டர் உறைகளைத் திறக்கும் நேரத்துக்குப் போய் இருங்கள். ஒவ்வொருவரின் விலையையும் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள், எழுதிக்கொள்ளலாம்.