புத்தகம் மட்டும் போதாதுங்கண்ணா

"நல்ல புத்தகம் ஒண்ணு படிச்சா போதும், வலைப்பூவும் சமூக ஊடகமும் கைவந்துடும்"னு எழுதியிருக்கீங்க. அது சரியில்லைங்கண்ணா. ட்விட்டர்ல ஒரு பதிவுக்கு இருந்த 140 எழுத்து வரம்பு 2017-ல் 280 ஆச்சு. 2023-ல் பேரே எக்ஸ்னு மாறிடுச்சு. கூகுளோட சமூக ஊடகமான கூகுள் பிளஸை 2019-ல் மூடியாச்சு. வலைப்பூ நடத்த உதவுற வேர்ட்பிரஸ் மென்பொருள் 2018 டிசம்பர்ல எழுதுற திரையையே மாத்திடுச்சு. அதுக்கு முந்தி அச்சான புத்தகத்துல இருக்கிற படம் இப்போ பொருந்தாது.

ஏற்காட்டுல வீட்டு அறைகளை வாடகைக்கு விடுற என் சித்தி, கோடை மழைக்கு அப்புறம் காபிச் செடி வெள்ளையா பூத்ததைப் படம் எடுத்துப் போட்டுப் போட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. எந்த வெளிச்சம், தலைப்பு எவ்வளவு நீளம், வர்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்றது, எல்லாமே கைப்பழக்கம். தெளிவா எழுதுறதுக்கும் காப்புரிமை புரியுறதுக்கும் புத்தகம் கண்டிப்பா உதவும், அதை நான் மறுக்கலை. ஆனா படிச்ச அன்னைக்கே ஒரு பதிவு போட்டுப் பாருங்கண்ணா.