ஆறு கோர் போதும், மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்
கேம் விளையாட ப்ராசஸரில் (கணினியின் மூளையான சிப்) எட்டு கோர், அதாவது எட்டு கணக்கிடும் பகுதிகள், இல்லாமல் முடியாது என்று இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுங்கை சிப்புட்டில் என் தம்பிக்கு ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600 ப்ராசஸர்தான் வாங்கினோம். 6 கோர், பெட்டியிலேயே சூட்டைத் தணிக்கும் கூலரும் வந்தது. எட்டு கோர் 5700எக்ஸ் என்றால் கூலருக்குத் தனிச் செலவு. மிச்சமான ரிங்கிட்டை, திரையில் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டில் போட்டோம், வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது. 1440பி திரைத் தெளிவில் பெரும்பாலான கேம்களில் முதலில் திணறுவது கார்டுதான். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கச் சொல்கிறார். அருமையான சிப், சரி. ஆனால் அதற்கு ஏஎம்5 வகை மதர்போர்டு, டிடிஆர்5 வகை ரேம் எல்லாம் சேர்த்து வாங்க வேண்டுமே! பழைய ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர் பெரும்பாலும் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலே 5600-ஐ மாட்டிவிடலாம். தோட்டத்துச் சம்பளத்தில் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வாங்கும் பெற்றோருக்கு இதை முதலில் சொல்லுங்கள்.